அம்மாவின் தெருவை எப்படி எழுதி வைப்பது?

உங்கள் கேள்வியை முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அம்மா 1951-இல் பிறந்தவர். புதுச்சேரியில் மிஷன் வீதிக்கு மேற்கே ஒரு குறுக்குத் தெருவில் வளர்ந்து, 1973-இல் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவர். அவர் சொல்லும் அந்தத் தெருவை எழுதி வைக்க உங்களுக்கு ஆசை. ஆனால் உட்கார வைத்துக் கேட்டால் "அப்பல்லாம் தெருவே ஒரு குடும்பம் மாதிரி, ஒண்ணுமண்ணா இருந்தோம்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எந்த ரெக்கார்டர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் போவது எப்படி, தாண்டிப் போய்க் கிடைப்பதில் எதை நம்புவது என்பவைதான் அவை. மூத்தவர்களிடம் பழைய தெருக்களைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்வதில் பல வருஷப் பழக்கம் இருப்பதால் அவற்றுக்கே முதலில் பதில் சொல்கிறேன். ரெக்கார்டர் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும்.

"ஒண்ணுமண்ணா இருந்தோம்" என்பது பொய்யில்லை, சுருக்கம். இருபத்திரண்டு வருஷத்தை ஒரே மூச்சில் சொல்லச் சொன்னால் யாரும் சுருக்கித்தான் சொல்வார்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் அபிப்பிராயம்தான் வரும். "அந்த வீட்டு வாசல்ல நின்னா எதிர்ல என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டால் தெரு வரும். ஆகவே முதல் இரண்டு அமர்வுகளில் 'எப்படி', 'ஏன்' என்ற கேள்விகளே வேண்டாம். 'எங்கே', 'யார் வீடு', 'எந்தப் பக்கம்' மட்டும் போதும்.

இதற்கு ஒரு வரைபடம் வேண்டும். மாதக் காலண்டரின் பழைய தாள் ஒன்றைப் பின்பக்கம் திருப்பித் தரையிலோ மேசையிலோ விரியுங்கள். நடுவில் இரண்டு கோடு போட்டால் தெரு. பேனாவை இப்போதே எடுக்காதீர்கள். ஒரு கை புளியங்கொட்டை எடுத்து, ஒரு வீட்டுக்கு ஒரு கொட்டை என்று அம்மாவையே வைக்கச் சொல்லுங்கள். முதலில் சொந்த வீடு, பிறகு எதிர் வீடு, பிறகு இடது பக்கமாகத் தெருமுனை வரை, திரும்பி வந்து வலது பக்கம். மையில் எழுதிவிட்டால் தப்பாக வைத்ததைத் திருத்தப் பெரியவர்கள் தயங்குவார்கள். கொட்டையென்றால் "இல்ல இல்ல, தையக்காரர் வீடு இதுக்கும் அங்கிட்டு" என்று தானாகவே நகர்த்துவார்கள். அப்படி நகர்த்தும்போது சொல்வதுதான் உங்களுக்கு வேண்டியது. ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் தாளை மேலிருந்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். மூன்றாவது அமர்வில் பென்சில், எல்லாம் ஒத்துப்போன பிறகு மை. வடக்கு மேலே இருக்க வேண்டும் என்ற விதியை மறந்துவிடுங்கள். அம்மா தன் வாசலில் நின்று எந்தப் பக்கம் பார்ப்பாரோ அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். புதுச்சேரியில் இது சுலபம். நகரின் பழைய பகுதி நேர்க்கோடுகளாக வெட்டிய கட்டம் என்பதால் "கடல் பக்கம்", "பெரிய வாய்க்கால் பக்கம்" என்று சொன்னாலே திசை தெரிந்துவிடும்.

ஒவ்வொரு கொட்டைக்கும் ஆறு விஷயங்கள் கேளுங்கள். தெருவில் அந்த வீட்டை எப்படிச் சொல்வார்கள் என்பது முதலாவது. பத்திரத்தில் உள்ள பெயர் தேவையில்லை, 'மாடி வீடு', 'சொல்தா வீடு' (பிரெஞ்சுப் படையில் இருந்தவர் வீடு), 'மில்லுக்காரர் வீடு' என்று புழங்கிய பெயர்தான் வேண்டும். சொந்த வீடா குடக்கூலியா, எத்தனை குடித்தனம்? என்ன தொழில்? திண்ணை இருந்ததா, அதில் யார் உட்காருவார்கள்? கிணற்றுத் தண்ணீர் நல்லதா உப்பா? அந்த வீட்டுக்குள் அம்மா எதுவரை போயிருக்கிறார்: திண்ணையோடா, கூடம் வரையா, அடுப்படி வரையா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தெரு நெருக்கமாக இருந்தது என்பதன் அளவுகோல் அதுதான். புதுச்சேரித் தமிழ் வீடுகளில் தெருவை ஒட்டிச் சாய்ந்த ஓட்டுக் கூரைக்குக் கீழ் திண்ணை, அதைத் தாண்டி ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கொல்லை என்று அடுக்கடுக்காகப் போகும். வழிப்போக்கர் திண்ணையோடு, பழகியவர் கூடத்தோடு, ரொம்ப வேண்டியவர்தான் பின்கட்டுக்கு. எந்தெந்த வீட்டில் எதுவரை போனார் என்று வரைபடத்தில் 1, 2, 3 என்று எண் போட்டுப் பாருங்கள். "தெருவே ஒரு குடும்பம்" என்பது உண்மையில் எத்தனை வீடு என்று கண்முன்னே தெரியும். பெரும்பாலும் ஏழெட்டு வீடுதான் வரும். அதனால் அம்மா சொன்னது குறைந்துபோகாது. அந்த ஏழெட்டு வீடுதான் அவருடைய தெரு.

அடுத்து, கொடுக்கல் வாங்கல். ஒட்டுறவு என்பது உணர்ச்சியாக வந்து நிற்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் சர்க்கரையாகத்தான் வந்திருக்கும். அவசரத்துக்குக் காப்பிப் பொடி யார் வீட்டில், திருப்பிக் கொடுக்கும்போது தலை தட்டியா குவித்தா? ஊருக்குப் போனால் சாவி யாரிடம்? ராத்திரி பிள்ளைவலி வந்தால் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? தெருவில் ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாதே, சோறு எந்த வீட்டிலிருந்து போகும்? தீபாவளிப் பலகாரம் எத்தனை வீட்டுக்குப் போனது, கிறிஸ்துமஸ் பலகாரம் எந்த வீட்டிலிருந்து வந்தது, ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி வந்ததா? உங்கள் அம்மா வளர்ந்த பகுதிக்கு அருகில் சம்பா கோயில் என்று சொல்லும் மாதா கோவில் இருக்கிறது. நடக்கும் தூரத்தில் முஸ்லிம்கள் வாழும் முல்லா வீதியும் காஜியார் வீதியும். ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். பலகாரத் தட்டு காலியாகத் திரும்புமா, அதில் எதையாவது வைத்துத் தருவார்களா என்றும் கேளுங்கள். இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளில் பேச்சு அரைமணி நேரம் ஓடுவது சர்வசாதாரணம்.

சண்டையையும் கேட்டாக வேண்டும். குழாயடி இருந்த தெருவில் குழாயடிச் சண்டை இல்லாமல் இருக்காது. நேராகக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மழுப்புவார்கள். "குடம் வரிசையில யாரு முந்துவாங்க?" என்று கேட்டால் சொல்வார்கள். இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. யார் அந்தத் தெருவுக்குள் வேலைக்கு மட்டும் வந்து போனார்கள், யார் திண்ணையில் உட்காரவில்லை, யாருக்குக் கொல்லைப்புறச் சந்துதான் வழி? நம் ஊர்த் தெருக்கள் பலவற்றின் பழைய பெயரிலேயே சாதியோ தொழிலோ ஒட்டிக்கொண்டிருந்தது. நெருக்கம் என்ற சொல் யாரைச் சேர்த்தது என்பதோடு யாரை வெளியே வைத்தது என்பதையும் எழுதாவிட்டால் பதிவு பாதிதான். குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். குப்பை அள்ள யார் வந்தார், அவருக்குத் தண்ணீர் எதில் ஊற்றினார்கள் என்று நடந்ததைக் கேளுங்கள். அம்மா தயங்கினால் அன்றைக்கு விட்டுவிட்டு வேறொரு நாள் கேட்கலாம்.

இடம் பிடிபட்ட பிறகு நேரம். ஒரு சாதாரண நாளை விடியலிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஓடவிடுங்கள். கடிகாரம் இல்லாத வீட்டில் நேரம் எப்படித் தெரிந்தது என்று தொடங்குங்கள். அந்தத் தலைமுறைக்குப் பெரும்பாலும் அது காது சம்பந்தப்பட்டது: சம்பா கோயில் மணி, பாங்கு, மில் சங்கு. முதலியார்பேட்டை ரோடியர் மில், சுதேசி, பாரதி ஆகிய மூன்றும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எந்த மில்லின் சங்கு அவர்கள் தெருவுக்குக் கேட்டது, அதைக் கேட்டதும் வீட்டில் என்ன நடக்கும் (உலை வைப்பதா, தூக்குச்சட்டி கட்டுவதா) என்று கேட்டால் காலை வேளை முழுவதும் வந்துவிடும். பிறகு வாசல் தெளித்துக் கோலம், பால்காரர், ரொட்டிக்காரர், பள்ளிக்கூடம், மத்தியானம் அடங்கின தெரு, சாயங்காலம் பல்லாங்குழி, தாயம், பாண்டி என்று போகும். விளையாட்டைச் சொல்லச் சொல்லாதீர்கள், ஆடிக் காட்டச் சொல்லுங்கள். கை ஆடும்போது வாய் தானே பாட்டைச் சொல்லும்.

வருஷங்களில்தான் எல்லோரும் தடுக்கி விழுவோம். இங்கே நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்காமல் ஆணி அடித்தது போல் நிற்கும் தேதிகளோடு கட்டுங்கள். புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்டு 16. அம்மாவுக்கு முதலாவதில் மூன்று வயது, இரண்டாவதில் பதினொன்று. "வெள்ளைக்காரன் போனப்ப நான் பார்த்தேன்" என்று அவர் சொன்னால் 1962 சுற்றிய நினைவாக இருக்க நிறைய வாய்ப்பு. 1954 என்றால் பெரியவர்கள் சொல்லக் கேட்டு மனத்தில் படமாகப் பதிந்ததாக இருக்கும், மூன்று வயது நினைவு பொதுவாகத் தங்குவதில்லை. காசும் நல்ல ஆணி. ரூபாய்க்கு நூறு காசு என்ற பதின்மக் காசு 1957 ஏப்ரல் 1-இல் வந்தது. 'நயா பைசா' என்ற பெயரில் இருந்த 'நயா' 1964 ஜூனில் விடப்பட்டது. மிட்டாய் எத்தனை நயா பைசா என்று அவர் சொன்னால் அந்த நினைவு ஆறு முதல் பதின்மூன்று வயதுக்குள் நிற்கிறது, அல்லது பழைய பெயரைப் பழக்கத்தில் இழுத்துச் சொல்கிறார். 1964 ஏப்ரலில் பாரதிதாசன் மறைவு, மே மாதம் நேரு மறைவு, 1965 தொடக்கத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடக்கம், 1969 பிப்ரவரி 3-இல் அண்ணா மறைவு. "அண்ணா செத்தப்ப அந்த வீட்ல குடியிருந்தது யாரு?" என்று கேட்டால் வருஷம் தானாக வந்து நிற்கும். மாதத்துக்குத் திருவிழா போதும். வைத்திக்குப்பத்து மாசி மகம், வீராம்பட்டினத்து ஆடித் தேர், டிசம்பர் 8 சம்பா கோயில் திருநாள், ஜூலை 14 பிரெஞ்சுத் தேசிய நாள்.

நினைவு எப்படிக் கலக்கும் என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறேன். "எதிர் வீட்ல போய் டிவி பார்ப்போம்" என்று இந்த வயதுக்காரர்கள் சின்ன வயது நினைவாகவே சொல்வதுண்டு. சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1975 ஆகஸ்டு 15-இல்தான். உங்கள் அம்மாவுக்கு அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்டது. அப்படியானால் அது பிரசவத்துக்கோ லீவுக்கோ தாய்வீடு வந்தபோது பார்த்ததாக இருக்க வேண்டும். அவர் சொன்னது பொய்யல்ல, அடுக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். முகத்துக்கு நேரே "அது தப்பு" என்று சொல்லாதீர்கள். ஒருமுறை திருத்தினால் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் "எனக்குச் சரியாத் தெரியல" என்று தொடங்குவார்கள். குறிப்பில் மட்டும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கையைப் பற்றி நேராகச் சொன்னால்: வீடுகளின் வரிசை, தினம் செய்த வேலை, திரும்பத் திரும்ப நடந்த பழக்கம், பக்கத்து வீட்டார் பெயர், வாசனை, ருசி ஆகியவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். வருஷம், விலை, சம்பவங்களின் முன்பின், 'முதல்முதலாக' என்று தொடங்கும் எதுவும், ஒருவர் சொன்ன சொல் அப்படியே இதுதான் என்பது ஆகியவை சந்தேகத்துக்குரியவை. அளவுகளும் அப்படித்தான். எட்டு வயதுக் கண்ணுக்குத் திண்ணை உயரம், தெரு அகலம், முற்றம் கடல். மூன்றாவது வகை ஒன்று உண்டு: கேட்டதைப் பார்த்ததாகச் சொல்வது. 1936 ஜூலை 30-இல் புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். மில் குடும்பங்களில் இதை நேரில் கண்டதுபோலவே சொல்வார்கள். 1951-இல் பிறந்தவர் சொன்னால் அது தாத்தாவின் நினைவு. தள்ளிவிடாதீர்கள், 'பார்த்தது', 'கேட்டது' என்று பிரித்து எழுதுங்கள். குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே 'பா', 'கே' என்று ஓர் எழுத்துப் போட்டாலே போதும்.

சரிபார்க்க இன்னொரு ஆள் வேண்டும். அம்மாவின் தங்கையோ பள்ளித் தோழியோ இருந்தால் தனியாக உட்கார்ந்து, புதிய தாளில், முதலிலிருந்து கொட்டை வைக்கச் சொல்லுங்கள். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் குரல் பெரியவர் சொன்னதே முடிவாகும், மற்றவர் தலையாட்டுவார். தாள்கள் வேறுபட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். காகிதச் சான்றுக்கு வீட்டுப் பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை இருக்கின்றன. புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி, பிரெஞ்சுக் காலத்து 'எத்தா சிவில்' பிறப்பு, திருமணப் பதிவுகள். சில குடும்பங்களில் அந்தப் பத்திரங்கள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கும். பெற்றோர் பெயர், வயது, தொழில் என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்தால் பல சந்தேகம் தீரும்.

குடியுரிமையைப் பற்றிக் கவனமாகக் கேளுங்கள். 1962 ஆகஸ்டில் சட்டப்படி மாறிய பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர முடிந்தது. ஒரே தெருவில் ஒரு வீடு எழுதிக் கொடுத்திருக்கும், அடுத்த வீடு கொடுத்திருக்காது. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா வீடுகளின் நடை, உடை, வசதி வேறாக இருந்தது. தெருவின் பொறாமைக்கும் மரியாதைக்கும் கல்யாணப் பேச்சுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் இது உயிரோடு இருக்கும் குடும்பங்களின் சொந்த விஷயம். பிறர் வீட்டுக் கடன், நோய், ஓடிப்போன கதை எல்லாம் பேச்சில் வரும். பதிவில் இருக்கட்டும். எழுதி நாலு பேருக்குக் கொடுக்கும்போது பெயரை எடுத்துவிடுங்கள்.

இனி போன். ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல், அம்மாவிடமிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். மேசைமேல் வெறுமனே வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் இடி மாதிரி பதியும். பதிவைக் கெடுப்பதில் முதல் இடம் மின்விசிறிக்கு, இரண்டாவது குக்கர் விசிலுக்கு. ஆகவே காலை வேளையில், விசிறியை அணைத்தாலும் தாங்கும் நேரத்தில் உட்காருங்கள். தொடங்கியதும் தேதி, இடம், அம்மா பெயர், உங்கள் பெயர் சொல்லிவிடுங்கள். முதல் நாள் இரண்டு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஓர் அமர்வு 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாரம் இரண்டு, மொத்தம் எட்டுப் பத்து அமர்வு போதும். சுருக்காத ஒலிக்கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 350 எம்பி பிடிக்கும், சுருக்கியது 60 எம்பிக்குள் அடங்கும். இடம் இருந்தால் சுருக்காததே நல்லது. அன்றே மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதியாகக் கணக்கு வைக்காதீர்கள், போன் மாறினால் போய்விடும்.

முழுவதையும் எழுத்தாக்க உடனே உட்காராதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரமாவது ஆகும், பாதியில் கைவிட்டவர்கள்தான் அதிகம். முதலில் "12-ஆம் நிமிடம்: குழாயடி, 19: சொல்தா வீட்டுக் கல்யாணம்" என்று ஒரு குறிப்பு மட்டும் போடுங்கள். பிறகு வேண்டிய இடங்களை மட்டும் எழுதலாம். எழுதும்போது அம்மாவின் சொல்லை நாகரிகப்படுத்தாதீர்கள். மேரி (நகராட்சி அலுவலகம்), லிசே (பள்ளி), நொத்தேர் (பத்திரம் எழுதுபவர்), சொல்தா என்று பிரெஞ்சுச் சொல் அவர் வாயில் வந்தால் அப்படியே வரட்டும்.

படங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒட்டும் தாள் ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் உரிந்துவிடும். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு 600 டிபிஐ வையுங்கள். பின்பக்கமும் ஒரு ஸ்கேன், ஸ்டுடியோ முத்திரையோ கையெழுத்தோ அங்கேதான் இருக்கும். பெயர் எழுத வேண்டுமானால் பென்சில் மட்டும். படத்தில் மனிதர்களைப் பார்த்து முடித்த பிறகு பின்னால் இருப்பதைக் கேளுங்கள்: அந்தத் தூண், அந்தக் கதவு, அந்தச் சைக்கிள் யாருடையது?

தெருவுக்கு அம்மாவை அழைத்துப் போக நினைப்பீர்கள். போங்கள், ஆனால் வரைபடம் மையில் முடிந்த பிறகு. முன்பே போனால் இன்றைக்கு நிற்கும் கட்டடம் பழைய வீட்டின்மேல் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதைப் பிரிக்க முடியாது. காலை ஆறரைக்குள் போனால் நின்று பார்க்க வழி இருக்கும். வீடு இருக்காது என்று மனத்தைத் தயார் செய்து அழைத்துப் போங்கள். திண்ணை வைத்த முகப்புகள் வரிசையாக எப்படி இருந்தன என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வைசியாள் வீதி பக்கம் ஒரு நடை நடந்தால் போதும். பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் முயற்சியில் அங்கே பல முகப்புகள் மீட்கப்பட்டிருக்கின்றன.

இதைப் படிக்கும் கடலூர்க்காரர்களுக்கும் வழி இதேதான், ஆணிகள்தான் வேறு. மஞ்சக்குப்பம் மைதானம், திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் தேர், தை 5 பெண்ணையாற்றுத் திருவிழா ஆகியவற்றோடு கட்டுங்கள். தேவனாம்பட்டினம் பக்கத்து ஆட்களிடம் 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல் இரண்டையும் எச்சரிக்கையோடு தொடுங்கள். புயலுக்கு முன் நின்ற மரங்களை வரைபடத்தில் கட்டாயம் குறியுங்கள்.

ஒன்றில் மட்டும் என் பழக்கம் உதவாது. அம்மாவுக்கு மறதி நோயின் தொடக்கம் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் இப்படிக் கேள்வி அடுக்காதீர்கள். பதில் வராதபோது அவர்கள் கலங்கிப்போவார்கள். மருத்துவரைக் கேட்டுவிட்டு, படத்தையோ பல்லாங்குழியையோ கையில் கொடுத்து, வருவதை மட்டும் பதிவு செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இருபது பக்கத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் அடியுங்கள். எழுத்து 16 புள்ளி அளவுக்குக் குறையாமல், வரைபடம் நடுப்பக்கத்தில் மடித்து வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரம் இரண்டு விரற்கடை வெறுமையாக. அதோடு ஒரு பென்சிலும் கொடுத்து அம்மாவிடம் பத்து நாள் விட்டுவிடுங்கள். ஓரத்தில் அவர் அடித்துத் திருத்தி எழுதித் தருவதையும் ஸ்கேன் செய்து, அடுத்த அமர்வை அந்தத் திருத்தங்களிலிருந்து தொடங்குங்கள்.